பத்து சென்ட் பூங்கா இடமா, கண்மாய்க் கால்வாயா? மதுரைக் குடியிருப்புக்குப் பசுமை வர எந்த வழி நல்லது

மதுரையைச் சுற்றி வளர்ந்திருக்கும் குடியிருப்புகளில் பாதிக்கு மேல் இந்த நிலைமையைப் பார்க்கலாம். லேஅவுட் போட்டபோது பூங்காவுக்கென்று ஒதுக்கிய பத்து சென்ட் இடம் முள் மண்டிக் கிடக்கும். குடியிருப்போர் நலச் சங்கத்தின் கையில் கொஞ்சம் பணம் இருக்கும். "என்ன வேணும்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க, செஞ்சிரலாம்" என்று கவுன்சிலரும் சொல்லியிருப்பார். முடிவெடுக்கத்தான் முடியாது. ஒருவர் புல்தரையும் நடைபாதையும் கேட்பார். இளைஞர்கள் குறுங்காடு என்பார்கள். தெருவெல்லாம் மரம் வைப்போம் என்பார் இன்னொருவர். மாடித்தோட்டம் போட்டு ருசி கண்டவர், அவரவர் மாடியிலேயே செய்துகொண்டால் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாமே என்பார். பழைய ஊர்க்காரர் ஒருவர் மட்டும் "முதல்ல கண்மாய்க்குத் தண்ணி வர்ற வழியப் பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

இந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரை வறண்ட ஊர். தண்ணீர் ஓடும் வழியைக் காப்பாற்றிவிட்டால் பசுமை தானாகப் பின்னால் வரும். அதை விட்டுவிட்டு எங்கே எதை நட்டாலும் லாரித் தண்ணீரை நம்பித்தான் பிழைக்கும். அதனால் பழைய ஊர்க்காரர் சொன்னதற்கே என் முதல் ஓட்டு. தெரு மரங்களுக்கு இரண்டாவது. பூங்கா இடம் அதற்கும் அப்புறம்.

எதை வைத்து அளப்பது

மத்திய அரசின் நகரத் திட்டமிடல் வழிகாட்டு நெறிகள் ஓர் ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கின்றன. இதைவிட எனக்குப் பயன்பட்டது, நகர மரங்களை ஆராயும் டச்சு அறிஞர் ஒருவர் 2021இல் முன்வைத்த 3-30-300 என்ற கணக்கு. வீட்டிலிருந்து பார்த்தால் மூன்று மரமாவது தெரிய வேண்டும். அக்கம்பக்கத்தின் மொத்தப் பரப்பில் 30 சதவீதத்துக்கு மரக்கிளைகள் கவிந்திருக்க வேண்டும். 300 மீட்டருக்குள் ஒரு பசுமைவெளி இருக்க வேண்டும்.

இதை நம் லேஅவுட்டில் பொருத்திப் பாருங்கள். தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுவுக்கு ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்டிவிடவும் வழியிருக்கிறது. ஆக, சின்ன லேஅவுட்டுகள் பலவற்றில் பூங்கா இடமே இருக்காது. இருக்கிற இடத்தில் மூலை முடுக்கெல்லாம் மரம் வைத்தாலும் 10 சதவீதத்தைத் தாண்ட முடியாது. மீதி 20 சதவீதம் தெருவிலிருந்தும் காம்பவுண்டுக்குள்ளிருந்தும் கால்வாய், கண்மாய்க் கரைகளிலிருந்தும்தான் வந்தாக வேண்டும். பூங்கா இடத்தை மட்டும் வைத்துச் சண்டை போடுவது பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவதாகும்.

அடுத்தது மழை. மதுரைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. பத்து சென்ட் என்பது சுமார் 405 சதுர மீட்டர். அந்தத் துண்டு நிலத்தில் மட்டும் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட மூன்றரை லட்சம் லிட்டர் விழுகிறது. குறைச்சல் இல்லை. ஆனால் அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தை பிறந்தால் மழை நின்றுவிடும். மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது செடிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்காமல் இங்கே எதையும் நடக் கூடாது. ஐந்து யோசனைகளிலும் நான் கேட்கும் முதல் கேள்வி அது. எத்தனை பேருக்கு நிழல் கிடைக்கும், ஐந்தாம் வருஷம் யார் பார்த்துக்கொள்வார்கள், பேய்மழையில் அது தண்ணீரைப் பிடிக்குமா, தள்ளிவிடுமா என்பவை அடுத்த கேள்விகள்.

புல்தரைப் பூங்கா

கேட்பவர்கள் அதிகம், திறப்பு விழாவுக்கும் நன்றாக இருக்கும். கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் வேண்டும். பாதி இடத்தில், 200 சதுர மீட்டரில் புல் போட்டாலே தினம் 1,000 லிட்டர், மாதம் 30,000 லிட்டர். போர் போட்டு இறைத்தால் அது பக்கத்து வீடுகளின் போரிலிருந்து எடுக்கும் தண்ணீர்தான். ஒரு கோடையில் மோட்டார் பழுதானால் போதும், புல் காய்ந்து மண்ணாகிவிடும்.

பூங்காவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வயதானவர்கள் நடக்கவும், பெண்கள் மாலையில் உட்கார்ந்து பேசவும், பிள்ளைகள் ஓடி விளையாடவும் தெருவுக்கு வெளியே ஓர் இடம் கட்டாயம் வேண்டும். அதற்குத் தேவை நிழல், பெஞ்சு, விளக்கு, கெட்டித்த செம்மண் தரை. சறுக்குமரமும் ஊஞ்சலும் நிழலில் இருந்தால்தான் நாலு மணிக்குப் பிள்ளை தொட முடியும். வேலியை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. சும்மா கிடக்கும் பொது இடத்தில் முதலில் கட்டட இடிபாடு விழும், அப்புறம் ஒரு தகரக் கொட்டகை முளைக்கும், அதற்கு அப்புறம் பேச முடியாது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் பாதுகாக்க 1959லேயே இந்த மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நம் இடத்தின் எல்லைக்கல் எங்கே என்று நமக்குத் தெரிந்திருந்தால்தான் அந்தச் சட்டம் கைகொடுக்கும்.

மியாவாக்கி குறுங்காடு

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி உருவாக்கிய முறை இது. மண்ணை ஆழமாகத் தோண்டி எருவும் மட்கும் கலந்து, ஒரு சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து கன்று என்று நெருக்கி நடுவார்கள். வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு செடிகள் விறுவிறுவென்று உயரும். இரண்டு மூன்று வருஷம் தண்ணீர் விட்டுக் களையெடுத்தால் அப்புறம் தானே பார்த்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. சென்னையில் 2020 தொடக்கத்தில் கோட்டூர்புரத்தில் மாநகராட்சி இதை வளர்க்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஊர் ஊராகப் பரவிவிட்டது.

இதில் நல்லது இருக்கிறது. குப்பை கொட்டிக்கொண்டிருந்த மூலை இரண்டே வருஷத்தில் பச்சைச் சுவராக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். பார்த்தவர்களுக்கு உற்சாகம் வரும், அடுத்த வேலைக்கு ஆள் சேரும். சாலைத் தூசியையும் இரைச்சலையும் மறைக்க இது நல்ல திரை. பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டிய நீளத் துண்டு, குப்பைக் கிடங்கின் ஓரம் ஆகிய இடங்களுக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன்.

நம் பத்து சென்டுக்கு மட்டும் சொல்ல மாட்டேன். சதுர மீட்டருக்கு மூன்று கன்று என்றால் 1,200 கன்று. முதல் கோடையில் ஒன்றுக்கு 2 லிட்டர் விட்டாலும் தினம் 2,400 லிட்டர், புல்தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல். அந்தச் செலவை இரண்டு மூன்று வருஷத்தோடு நிறுத்திவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் நெருக்கி நட்ட காட்டுக்குள் யாரும் போய் உட்கார முடியாது. இருக்கிற ஒரே பொது இடத்தையும் அடைத்துவிட்டால் பிள்ளைகள் மறுபடி தெருவுக்குத்தான் வருவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த மண்ணின் காடு எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் மதுரைக்குக் கிழக்கே இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டுக்குப் போய் வரலாம். உசிலை மரங்கள் மிகுந்த வறண்ட காடு அது. மரங்கள் ரொம்ப உயரம் இல்லை. நடுவே வெளிச்சம் இறங்குகிறது, கீழே புல்லும் புதரும் கிடக்கின்றன. காலங்காலமாகக் குறைந்த தண்ணீரில் வாழப் பழகிய ஏற்பாடு. மழை அதிகமுள்ள நாட்டுக் காட்டின் நெருக்கத்தை இங்கே கொண்டுவந்தால், வேருக்குக் கீழே தண்ணீர் இல்லாத வருஷத்தில் எல்லாச் செடியும் ஒன்றோடொன்று போட்டியிட்டு மெலியும். குறுங்காடு வைத்துத்தான் தீருவோம் என்றால் இரண்டு சென்டில் வையுங்கள். உசிலை, வெப்பாலை, மஞ்சணத்தி, வெள்வேல் போன்ற இந்தப் பக்கத்துச் செடிகளைக் கேட்டு வாங்குங்கள். நர்சரியில் சுலபமாகக் கிடைப்பதை அள்ளிவந்தால் அது தோப்பாகத்தான் இருக்கும்.

தெரு மரங்கள்

இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். போட்ட காசுக்கு இதைவிட நிழல் தரும் வழி கிடையாது.

150 மீட்டர் நீளத் தெரு. இரண்டு பக்கமும் ஆறு மீட்டருக்கு ஒரு மரம் என்றால் ஐம்பது மரம். வளர்ந்த பிறகு ஒவ்வொன்றின் கவிகையும் ஆறு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் சுமார் 1,400 சதுர மீட்டர் நிழல். பத்து சென்ட் இடத்தைப் போல மூன்றரை மடங்கு, ஓர் அடி நிலம் புதிதாக வாங்காமல். முதல் இரண்டு வருஷம் மரத்துக்கு இருபது லிட்டர், வாரத்துக்கு இரண்டு தடவை ஊற்றினால் வாரம் 2,000 லிட்டர். புல்தரை இரண்டே நாளில் குடிக்கும் தண்ணீர் அது. வீட்டுக்கு வீடு ஒரு வாளி என்று பிரித்துக்கொண்டால் லாரியே தேவையில்லை. காய்கறி விற்க வரும் அம்மாவுக்கும், பஸ்ஸுக்கு நடக்கும் பள்ளிப் பிள்ளைக்கும், வாடகை வீட்டுக்காரருக்கும் ஒரே நிழல். பூங்கா அப்படி இல்லை. அங்கே போக நேரம் இருப்பவருக்குத்தான் அது.

சரி, பிறகு ஏன் நட்ட மரங்களில் பாதி நிற்பதில்லை? எந்தத் தெருவிலும் ஒரு மரத்தைக் கிட்டே போய்க் குனிந்து பாருங்கள். பேவர் பிளாக்கை மரத்தண்டு வரை ஒட்டிப் பதித்து, மீதியிருக்கும் விரல்கடை இடைவெளியையும் சிமெண்ட் பூசி அடைத்திருப்பார்கள். மழை பெய்தால் ஒரு சொட்டு வேருக்குப் போகாது. கன்றாக இருந்தபோது மாட்டிய கம்பிக்கூண்டை யாரும் கழற்றியிருக்க மாட்டார்கள். பட்டை கம்பியின் மேல் வளர்ந்து அதை விழுங்கி, அந்த இடத்தில் தண்டு இடுப்பு கட்டினது மாதிரி இறுகிப்போயிருக்கும். ஒரு பெருங்காற்றில் அந்த இடத்தில்தான் முறியும். விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணிகள் வேறு. டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டரை நம் தெருவில் நாமே விட்டுவிட யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. தெருவுக்குப் பேவர் பிளாக் போட வரும் ஒப்பந்தக்காரரிடம் வேலை தொடங்கும் நாளிலேயே சங்கத்திலிருந்து ஒருவர் நின்று சொல்ல வேண்டும். அடுத்த நாள் போனால் பதித்து முடித்திருப்பார்கள்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வேலை. மின்கம்பி போகும் பக்கத்தில் உயரமான மரத்தை வைத்துவிட்டு, மின்வாரியம் வந்து தலையை வெட்டுகிறது என்று வருத்தப்பட்டுப் பயனில்லை. அந்தப் பக்கம் மந்தாரை, பவளமல்லி, மஞ்சணத்தி என்று கைக்கு அடங்குகிறவற்றை வைக்கலாம். எதிர்ப்பக்கம் வேம்பு, புங்கன், பூவரசு. தெரு அகலமாக இருந்தால் நாவல், இலுப்பை. ஆலும் அரசும் வீட்டுச் சுவருக்கும் சாக்கடைக்கும் பக்கத்தில் வேண்டாம். வேகமாக வளர்கிறதே என்று கோனோகார்பஸ் என்னும் வெளிநாட்டு மரத்தை வாங்காதீர்கள். குஜராத் அரசு 2023இல் அதை நடத் தடை விதித்தது.

எல்லாமே வேம்பாக வைப்பதும் ஆபத்து. சில வருஷங்களாக மழைக்காலத்தை ஒட்டி வேப்பமரங்கள் நுனியிலிருந்து கருகி, தீயில் வாட்டியதுபோல் நிற்பதை எல்லாரும் பார்க்கிறோம். தேயிலைக் கொசு என்னும் பூச்சியும் பூஞ்சையும் சேர்ந்து செய்யும் வேலை. பெரும்பாலும் மறுபடி துளிர்த்துவிடும். ஆனாலும் தெரு முழுக்க ஒரே இனம் என்றால் ஒரே நோயில் தெரு முழுக்க மொட்டையாகும். நகர மரங்களில் ஓர் இனம் பத்தில் ஒன்றைத் தாண்ட வேண்டாம் என்று மரவியலாளர்கள் சொல்வார்கள். அத்தனை கண்டிப்பு நமக்கு முடியாவிட்டாலும் தெருவுக்கு ஐந்தாறு இனமாவது கலந்திருக்கட்டும்.

வீட்டுக்காரர்களின் எதிர்ப்பையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இலை விழுகிறது, கார் நிறுத்த முடியவில்லை, வேர் சம்ப்பைப் பிளந்துவிடும் என்பார்கள். மூன்றிலும் உண்மை உண்டு. மரத்தை வாசலுக்கு நேரே வைக்காமல் இரண்டு வீட்டின் பொதுச்சுவர் சேரும் இடத்துக்கு நேரே வைத்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும். சம்மதிக்காத வீட்டு முன்னால் கட்டாயப்படுத்தி நட்ட கன்று பிழைப்பதில்லை. அதை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம்.

மாடித்தோட்டம்

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வீட்டுக்கு நல்லது. தக்காளி, கத்தரி, கீரை வரும், கூரைச் சூடு குறையும், பாத்திரம் கழுவும் தண்ணீரையே திருப்பிவிடலாம். கவனிக்க வேண்டியது எடை. ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடி சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்கும் என்ற கணக்கில்தான் கட்டுகிறார்கள். 200 லிட்டர் பீப்பாயில் ஈரமண் நிரப்பினால் 300 கிலோவைத் தாண்டும். பெரிய தொட்டிகளைச் சுவருக்கும் பீமுக்கும் நேர் மேலே வையுங்கள், நடுக்கூரையில் தென்னைநார்க் கழிவு கலந்த லேசான பைகள் போதும். ஆனால் தெருவில் நடப்பவருக்கு இதில் ஒரு நிழலும் இல்லை. மாடி இல்லாத வாடகைக்காரருக்குப் பங்கும் இல்லை. ஊரின் பசுமைக்கு இதை மாற்றாகக் கணக்கில் எழுதக் கூடாது.

கண்மாயும் வரத்துக் கால்வாயும்

மதுரையைச் சுற்றியிருக்கும் கண்மாய்கள் தனித்தனிக் குட்டைகள் இல்லை. மேட்டுக் கண்மாய் நிரம்பினால் கலுங்கு என்னும் உபரிநீர் வழியாக மறுகால் பாய்ந்து கீழே இருக்கும் கண்மாய்க்குப் போகும், அது நிரம்பினால் அதற்கும் கீழே. கடைசியில் வைகை. வண்டியூர், மாடக்குளம், செல்லூர் என்று பெரிய பெயர்கள்தான் எல்லாருக்கும் தெரியும். அவற்றுக்கு நடுவே பெயர் மறந்துபோன ஓடைகளும் ஊருணிகளும்தான் நம் லேஅவுட்டுகளுக்கு ஊடே ஓடுகின்றன. மடைக்குக் கீழே வயல் இருந்தவரை, மராமத்து பார்க்க ஆயக்கட்டு விவசாயிகள், அதாவது அந்தக் கண்மாய்ப் பாசனத்தை நம்பிய வயல்காரர்கள், இருந்தார்கள். தண்ணீர் வராவிட்டால் அவர்கள் வயிறு காயும் என்பதால் கால்வாயைத் தூர்வாரினார்கள். வயல் பிளாட்டானதும் அந்த ஆட்கள் போய்விட்டார்கள். வீடு கட்டி வந்த நமக்கு அந்தக் கால்வாய் என்ன என்றே தெரியாது. சாக்கடையைத் திருப்பிவிட ஒரு வசதி, அவ்வளவுதான். கண்மாய்கள் சீரழிந்ததற்கு ஆக்கிரமிப்புக்கு இணையான காரணம் இந்த ஆளில்லாத நிலைமை என்று நினைக்கிறேன். குடியிருப்போர் சங்கம் அந்த ஆயக்கட்டுக்காரர் இடத்தை எடுத்துக்கொண்டால்தான் இதற்கு விடிவு.

2024 அக்டோபர் 25ஆம் தேதி மதுரையில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. செல்லூர்க் கண்மாயின் உபரித் தண்ணீரை வைகைக்குக் கொண்டுபோக வேண்டியது பந்தல்குடி கால்வாய். அது கொள்ளாதபோது தண்ணீர் தெருவைத் தேடிக்கொள்கிறது. இந்த ஊரில் பசுமைத் திட்டமும் வெள்ளத் தடுப்பும் ஒரே வேலை. கால்வாய் அகலமாக, மண்கரையோடு, இரண்டு ஓரமும் மரத்தோடு இருந்தால் மழையில் தண்ணீரைக் கொண்டுபோகும், கொஞ்சத்தை மண்ணுக்குள் இறக்கும், கோடையில் அந்த ஈரத்தில் மரம் நிற்கும். மே மாதத்துத் தண்ணீர் எங்கே என்ற கேள்விக்கு இந்த ஒரு வழிதான் நேராகப் பதில் சொல்கிறது.

பரப்பைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் கால்வாய்க்கு இரு ஓரமும் மூன்று மீட்டர் கிடைத்தால் 6,000 சதுர மீட்டர், நம் பத்து சென்டைப் போலக் கிட்டத்தட்ட 15 மடங்கு. ஒரே புள்ளியில் இருக்கும் பூங்காவைச் சுற்றி 300 மீட்டர் வட்டத்தில் வருவது சுமார் 28 ஹெக்டேர். ஒரு கிலோமீட்டர் பசுமைக் கோட்டின் இரு பக்கமும் 300 மீட்டரில் வருவது 60 ஹெக்டேர். ஒரே வேலை நாலைந்து லேஅவுட்டுக்குப் பயன்படும். பிள்ளைகள் லாரி பயமில்லாமல் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் வழியாகவும் அது ஆகலாம்.

தண்ணீர் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. மாரியம்மன் தெப்பக்குளம் பல வருஷம் வறண்டு, பையன்கள் கிரிக்கெட் விளையாடும் மைதானமாகக் கிடந்தது. தெப்பத் திருவிழா, தெப்பம் மிதக்காமல் நின்ற இடத்திலேயே நிற்கும் நிலைத் தெப்பமாக நடந்தது. வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து தண்ணீர் கொண்டுவந்த பிறகு, மாலையில் குளத்துச் சுற்றுச்சுவரில் உட்கார இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. அங்கே புதிதாகப் பூங்கா அமைத்து யாரும் கூட்டத்தை வரவழைக்கவில்லை. கால்வாய் திறந்தது, அவ்வளவுதான்.

கஷ்டங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் கஷ்டம், யாரிடம் போவது என்பது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருந்து வந்தவை. மாநகராட்சி எல்லை 2011இல் 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது உள்ளே வந்த பகுதிகளில், கண்மாய் ஓர் அலுவலகம், கால்வாய் இன்னொன்று, தெருச் சாக்கடை மூன்றாவது என்றாகிவிட்டது. மனு மேசை மேசையாகச் சுற்றும். இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும் வேலை என்று மனதில் எழுதிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

இரண்டாவது சாக்கடை. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத தெருக்களின் கழிவு கால்வாயில் விழும்வரை அங்கே யாரும் நடக்க வர மாட்டார்கள். நாணலும் சம்பும் வைத்துக் கொஞ்சம் சுத்தம் செய்யலாம், ஆனால் குழாயை அடைப்பதற்கு அது ஈடாகாது.

மூன்றாவது என்னை அதிகம் உறுத்துவது. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏரி, கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்றலாம். நடைமுறையில் கரையோரக் குடிசைதான் முதலில் போகிறது. கால்வாயை நெரித்துக் கட்டிய காம்பவுண்டுச் சுவர் நிற்கிறது. மாற்று வீடு கொடுக்காமல் குடிசையை எடுக்கும் பசுமைத் திட்டத்துக்கு நம் சங்கம் கையெழுத்துப் போடக் கூடாது. கால்வாயில் நம் லேஅவுட் தின்றிருக்கும் பங்கை முதலில் நாம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நான்காவதாக, அழகுபடுத்தல். கரைக்குக் கான்கிரீட் சுவர், மேலே பேவர் பிளாக் பாதை, செயற்கை நீரூற்று என்று முடிந்துவிட்டால் கண்மாய் தொட்டியாகிவிடும். சரிவான, ஆழமில்லாத மண்விளிம்பில்தான் அரிவாள்மூக்கன், மடையான் போன்ற பறவைகள் இரை தேடும். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியில் பறவைகள் வந்து கூடுகட்டுவது கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில். அந்த ஊர்க்காரர்கள் அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நடைபாதை வேண்டும் என்றால் ஒரு கரையில் மட்டும் மண்பாதை இருக்கட்டும். மறுகரையைச் சும்மா விட்டுவிடுங்கள்.

சீமைக் கருவேலத்தை எடுப்பதிலும் நிதானம் வேண்டும். ஜேசிபி வைத்து ஒரே நாளில் துடைத்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் விதையிலிருந்து காடாக முளைத்துவிடும். துண்டு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தில் உடனே நட்டு, இரண்டு வருஷம் முளைப்பதைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கால்வாய் ஓரத்துக்கு மருதம், நாவல், புங்கன், நீர்க்கடம்பு. கடம்பவனம் என்று பேரெடுத்த ஊர் என்பதால் தெருவிலெல்லாம் கடம்பு வைக்க ஆசைப்படுகிறார்கள். அது தண்ணீர்ப் பக்கம்தான் செழிக்கும். மடைக்கும் கலுங்குக்கும் பக்கத்தில் பெருமரம் எதுவும் வேண்டாம், வேர் கட்டுமானத்தைப் பிளந்துவிடும். கரை நெடுகப் பனங்கொட்டை ஊன்றலாம். புரட்டாசி, ஐப்பசியில் பழம் பொறுக்கிப் போட்டால் ஒரு வாளி தண்ணீரும் கேட்காது.

முடிவாக எதை எந்த வரிசையில்

முதல் வேலைக்குப் பணமே வேண்டாம். பட்டாவும் வில்லங்கமும் பார்த்து வீடு வாங்கிய நாம் கிராம வரைபடத்தைப் பார்த்திருக்க மாட்டோம். அதில் ஓடைப் புறம்போக்கு எந்தெந்தப் புல எண் வழியாகப் போகிறது என்று குறித்துக்கொண்டு, பழைய ஆயக்கட்டுக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கால்வாய் நெடுக நடக்க வேண்டும். "தம்பி, இந்தக் கல்வெர்ட்டுக்குக் கீழ ஒரு ஆள் நிமிர்ந்து போற அளவுக்கு ஓட்டை இருந்துச்சு" என்று அவர் காட்டும் இடத்தில் இப்போது ஆறு அங்குலக் குழாய் இருக்கும். அதுதான் மனுவில் எழுத வேண்டிய விஷயம். அந்த மனுவில் பக்கத்து லேஅவுட் சங்கங்களின் கையெழுத்தும் இருக்க வேண்டும். நமக்கு நாமே திட்டம் போல மக்கள் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு தரும் ஏற்பாடுகளை இதற்குக் கேட்கலாம்.

அந்த மனு நகரும் வருஷங்களில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். சங்கத்தின் பணத்தில் பெரும்பங்கைத் தெரு மரங்களுக்குப் போடுங்கள். ஆடியில் குழி எடுத்து எருவிட்டு ஆற வைத்து, ஐப்பசி முதல் மழையில் நட்டால் கன்று கோடைக்குள் ஊன்றிக்கொள்ளும். ஆறடி உயரக் கன்றாகக் கேட்டு வாங்குங்கள், ஆட்டுக்கு எட்டாது. பத்து சென்ட் இடத்துக்கு இந்த வருஷம் வேலியும் விளக்கும் எல்லையோர மரமும் நாலு பெஞ்சும் போதும். அதன் தாழ்ந்த மூலையில் ஒரு பள்ளம் வெட்டி, தெருவில் ஓடும் மழைத் தண்ணீரை உள்ளே திருப்புங்கள். குறுங்காடு கேட்ட இளைஞர்களிடம் அந்தப் பள்ளத்தைச் சுற்றி இரண்டு சென்டை ஒப்படைத்துவிடலாம்.

இந்த வரிசை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளுக்குள், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு நடுவே இருப்பவர்களுக்குக் கால்வாயும் இல்லை, குழி எடுக்க மண்ணும் இல்லை. அங்கே மாடித்தோட்டத்துக்குத்தான் முதலிடம். அடுத்தது பள்ளிக்கூட மைதான ஓரமும் கோயில் நந்தவனமும். வீடு பழையது என்றால் பீப்பாய் ஏற்றும் முன் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் கூரையைக் காட்டிவிடுங்கள். மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரைக்குக் கான்கிரீட்டின் கணக்கு செல்லாது.